மாற்று ஸ்ப்ளைசிங் தரவுத்தளம் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரே மரபணு, சில எக்ஸான்களை, அதாவது எம்ஆர்என்ஏவில் இடம்பெறும் மரபணுத் துண்டுகளை, சேர்த்தும் சிலவற்றை விட்டும் பலவித எம்ஆர்என்ஏக்களைத் தருவதுதான் மாற்று ஸ்ப்ளைசிங். எந்த மரபணுவில், எந்தத் திசுவில், எந்த எக்ஸான் எவ்வளவு சேர்கிறது என்பதைத் தேடிப் பார்க்கத் தரவுத்தளம் அமைக்க முனைபவர்களுக்கான பக்கம் இது. ஆர்என்ஏ வரிசையாக்கம் என்றால் என்ன என்பதும் எஸ்க்யூஎல் அடிப்படைகளும் தெரிந்திருந்தால் போதும்.

என்செம்பிள், ரெஃப்செக் எல்லாம் இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு?

அவை "இந்த மரபணுவுக்கு இன்னின்ன டிரான்ஸ்கிரிப்டுகள் (ஆர்என்ஏ படிகள்) உண்டு" என்று சொல்லும் பட்டியல்கள். மூளையில் இந்த எக்ஸான் எத்தனை விழுக்காடு சேர்கிறது, அதை எத்தனை ரீடுகள் (வரிசையாக்கத்தில் படித்த துண்டுகள்) காட்டின, எத்தனை மாதிரிகளில் அப்படி இருந்தது என்பதை அவை சொல்வதில்லை. மனிதனில் ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸான் கொண்ட மரபணுக்களில் ஏறத்தாழ 92 முதல் 94 விழுக்காடு மாற்று ஸ்ப்ளைசிங்குக்கு உள்ளாகின்றன என்று 2008-லேயே தெரிந்துவிட்டது. ஆகவே "நடக்கிறதா" என்று கேட்பதில் இப்போது பயனில்லை. எங்கே, எவ்வளவு என்பதே கேள்வி.

மனித, எலித் திசுக்களின் பொதுவான படம் மட்டும் வேண்டுமென்றால் கட்ட வேண்டாம். வாஸ்ட்டிபியும் ஸ்னாப்ட்ரானும் அந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் உயிரினம் அவற்றில் இல்லை, அல்லது உங்கள் மாதிரிகளை உங்கள் வடிகட்டி விதிகளோடு பார்க்க வேண்டும் என்றால் மட்டுமே உழைப்புக்குப் பொருள் உண்டு.

அடிப்படை அலகு எது: மரபணுவா, டிரான்ஸ்கிரிப்டா, எக்ஸானா?

எதுவுமில்லை. ஸ்ப்ளைஸ் சந்திப்புதான். அதாவது ஒரு இன்ட்ரான் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட பகுதி) வெட்டப்பட்டு, இரு பக்கத்து எக்ஸான் முனைகளும் ஒட்டிய இடம். ஒரு ரீட் நேரடியாகக் கண்டது அதை மட்டுமே.

100 அல்லது 150 எழுத்து (ஏ, சி, ஜி, டி) நீள ரீட் முழு டிரான்ஸ்கிரிப்டைப் பார்ப்பதில்லை. அதில் ஒன்றிரண்டு சந்திப்புகள் இருக்கும், அவ்வளவுதான். அவற்றைக் கோத்து முழு டிரான்ஸ்கிரிப்டாக்குவது ஊகம். பழ ஈயின் டிஸ்கேம்1 மரபணுவைப் பாருங்கள். எக்ஸான் 4-க்கு 12 மாற்றுகள், 6-க்கு 48, 9-க்கு 33, 17-க்கு 2. பெருக்கினால் 38,016 சேர்க்கைகள். டிரான்ஸ்கிரிப்டை அலகாக வைத்தால் இந்த ஒரு மரபணுவுக்கு மட்டும் 38,016 வரிசைகள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேரடிச் சான்றே இராது. சந்திப்பை அலகாக வைத்தால் சில நூறில் முடியும், ஒவ்வொன்றுக்கும் சான்று இருக்கும்.

இஎஸ்டி (எம்ஆர்என்ஏவின் நகலிலிருந்து ஒரே முறை படித்த குறுந்துண்டு) காலத்தில் எழுந்த ஏஎஸ்டி, ஏசாப், ஹாலிவுட் போன்ற தளங்கள் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோயின. அவற்றின் பழைய கோப்பு கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு டிரான்ஸ்கிரிப்டுக்கும் அடியில் இருக்கும் இஎஸ்டிகளின் அடையாள எண்கள் இருக்கின்றனவா என்பதுதான். இருந்தால் இன்றைய ஜீனோமில் மீண்டும் பொருத்திவிடலாம். முடிவு மட்டும் இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. சான்று, நிகழ்வு, விளக்கம் மூன்றையும் தனித்தனி அடுக்குகளாக வையுங்கள் என்று கீழே பல பதில்களில் வருவதற்குக் காரணம் இதுதான்.

என்னென்ன அட்டவணைகள் தேவை?

சான்று அடுக்கில் மூன்று: சந்திப்பு, மாதிரி, எண்ணிக்கை. சந்திப்பு அட்டவணையில் ஜீனோம் பதிப்பு, குரோமோசோம், இன்ட்ரானின் முதல் எழுத்து, கடைசி எழுத்து, இழை ஆகிய ஐந்தும் சேர்ந்து தனித்துவச் சாவி. கூடவே முனை எழுத்துகள், ஏற்கெனவே பதிவானதா என்ற கொடி. மாதிரி அட்டவணையில் திசு, நூலகம் (வரிசையாக்கத்துக்கு ஆயத்தமாக்கிய துண்டுத் தொகுதி) தயாரித்த முறை, ரீட் நீளம், ஒற்றையா ஜோடியா, இழை தெரியுமா, மொத்தப் பொருந்திய ரீடுகள். எண்ணிக்கை அட்டவணையில் சந்திப்பு எண், மாதிரி எண், ஒரே இடத்தில் பொருந்திய ரீடுகள், பல இடத்தில் பொருந்தியவை, மிக நீண்ட தொங்கல் (சந்திப்பின் ஒரு பக்கத்து எக்ஸானில் ரீட் நீளும் எழுத்துகள்).

நிகழ்வு அடுக்கில் இரண்டு: நிகழ்வு (எக்ஸான் விடுபடுதல் போன்ற ஒரு மாற்று), அதன் ஒவ்வொரு பாதையிலும் வரும் சந்திப்புகள். ஒரு சந்திப்பு பல நிகழ்வுகளில் இடம்பெறும் என்பதால் இவற்றுக்கிடையே பல-பல உறவு. விளக்க அடுக்கில் மரபணு, டிரான்ஸ்கிரிப்ட், புரத விளைவு.

நிகழ்வுக்குத் தொடர் எண்ணைச் சாவியாக வைக்காதீர்கள். அடுத்த முறை தளத்தைக் கட்டும்போது 1,042-ஆம் நிகழ்வு வேறொன்றாக இருக்கும். அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எல்லாம் தவறான இடத்தைச் சுட்டும். வகை, குரோமோசோம், வெட்டு இடங்கள், இழை ஆகியவற்றைக் கோத்த சரமே சாவி. நீளமாக இருக்கிறதென்றால் அதன் ஹாஷை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே சந்திப்பு இரண்டு கோப்புகளில் ஓர் எழுத்து தள்ளி வருகிறதே?

மிக அதிகமாக வரும் கேள்வி. ஜிடிஎஃப், ஜிஎஃப்எஃப், சாம் ஆகிய கோப்பு வடிவங்கள் மூன்றும் 1-இலிருந்து எண்ணும், இரு முனைகளும் உள்ளடங்கும். பெட் கோப்பு 0-இலிருந்து எண்ணும், முடிவு எழுத்து அடங்காது. ரீடுகளை ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் கருவி தரும் சந்திப்புக் கோப்பு 1-இலிருந்து எண்ணி, இன்ட்ரானின் முதல், கடைசி எழுத்துகளைத் தரும். ஸ்ப்ளைசிங்கை அளக்கும் கருவிகளில் ஆர்மேட்ஸ் எக்ஸானின் தொடக்கத்தை மட்டும் 0-இலிருந்து தரும். சுப்பா எக்ஸான் முனைகளை 1-இலிருந்து தரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. முதல் எக்ஸான் 1,000-ஆம் எழுத்தில் முடிகிறது, அடுத்தது 2,001-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார் கோப்பில் 1001, 2000 என்றிருக்கும். இன்ட்ரானைப் பெட் ஆக எழுதினால் 1000, 2000. சுப்பாவில் 1000-2001. மூன்றும் ஒன்றே.

சந்திப்புகளை எடுக்கும் ரெக்டூல்ஸ் கருவி தரும் பெட் கோப்பில் இன்னொரு கண்ணி. அதில் தொடக்கமும் முடிவும் இன்ட்ரானுடையவை அல்ல. இரு பக்கமும் ரீட் தொங்கிய பகுதியையும் சேர்த்தவை. தொடக்கத்தோடு முதல் தொகுதியின் நீளத்தைக் கூட்டி, முடிவிலிருந்து கடைசித் தொகுதியின் நீளத்தைக் கழித்தால்தான் இன்ட்ரான் கிடைக்கும். இதை மறந்தால் ஒரே சந்திப்பு ஒவ்வொரு மாதிரியிலும் வேறு வேறாகத் தெரியும், சந்திப்புகளின் எண்ணிக்கை மலைபோல் பெருகும்.

உள்ளே ஒரே முறையைத் தேர்ந்து, வாயிலிலேயே மாற்றுங்கள். மாற்றிய உடனே இன்ட்ரானின் முதல் இரண்டு, கடைசி இரண்டு எழுத்துகளை ஜீனோமிலிருந்து எடுத்துப் பாருங்கள். 98 விழுக்காட்டுக்கு மேல் ஜிடி–ஏஜி வர வேண்டும். எதிர் இழையில் இருந்தால் ஜீனோமில் சிடி–ஏசி என்று தெரியும். அந்த அளவுக்கு வராமல் எழுத்துகள் தாறுமாறாக இருந்தால் ஓர் எழுத்து தள்ளிப்போயிருக்கிறது. இதைவிட மலிவான சோதனை கிடையாது.

எந்த வகைத் தரவை ஏற்றலாம்? இஎஸ்டி இன்னும் பயன்படுமா?

வேறு தரவு இல்லாத உயிரினத்துக்கு இஎஸ்டி பயன்படும். ஆனால் அது ஒற்றை வாசிப்பு, முனைகளில் பிழை அதிகம், வெக்டார் எழுத்துகள் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் எம்ஆர்என்ஏவின் 3' முனைப் (வால்) பக்கமே குவிந்திருக்கும். ஆகவே மரபணுவின் 5' (தொடக்கப்) பாதியில் மாற்று ஸ்ப்ளைசிங் குறைவு என்று இஎஸ்டி தளம் காட்டினால் அது உயிரியல் அல்ல, வேதியியல்.

இன்றைய முதுகெலும்பு குறுரீட் ஆர்என்ஏ வரிசையாக்கம்தான். மரபணு வெளிப்பாட்டுக்கு 2 முதல் 3 கோடி ரீடுகள் போதும். ஸ்ப்ளைசிங்குக்கு மாதிரிக்கு 5 கோடி ஜோடியாவது இருக்க வேண்டும், ஏனெனில் சந்திப்பைக் கடக்கும் ரீடுகள் மட்டுமே கணக்கில் வரும். நீளம் 100 எழுத்துக்குக் குறையக் கூடாது. பாலி-ஏ (எம்ஆர்என்ஏவின் ஏ எழுத்து வால்) தேர்வு செய்த நூலகத்தையும் ரைபோசோம் ஆர்என்ஏ நீக்கிய நூலகத்தையும் ஒரே ஒப்பீட்டில் கலக்காதீர்கள். இரண்டாவதில் இன்னும் வெட்டப்படாத முன்-எம்ஆர்என்ஏ நிறைய இருக்கும்.

பேக்பயோ, நானோபோர் நீள்ரீடுகள் முழு டிரான்ஸ்கிரிப்டைக் காட்டும் என்பது பாதி உண்மை. ஆர்என்ஏ சிதைந்திருந்தால் 5' முனை துண்டாகி, குட்டை டிரான்ஸ்கிரிப்ட் போலத் தெரியும். எம்ஆர்என்ஏவுக்குள்ளேயே ஏ எழுத்துகள் தொடர்ந்து வரும் இடத்தில், பாலி-ஏ வாலைப் பிடிக்க வேண்டிய டிடி பிரைமர் ஒட்டிக்கொண்டால் போலி 3' முனை பிறக்கும். முனைக்கு அடுத்த 20 எழுத்துகளில் ஏ-யின் பங்கைக் கணக்கிட்டு, 60 விழுக்காட்டைத் தாண்டினால் கொடி போடுங்கள். ஸ்குவான்டி3 கருவி டிரான்ஸ்கிரிப்டுகளை வகை பிரித்து இந்த வேலைகளைச் செய்து தரும். தொலைவில் உள்ள இரு நிகழ்வுகள் சேர்ந்தே நடக்கின்றனவா என்ற கேள்விக்கு மட்டும் நீள்ரீடைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்டார் கருவியில் எந்த அமைப்புகளை மாற்ற வேண்டும்?

நான்கைந்து போதும். சந்திப்பு நூலகத்துக்கான தொங்கல் நீளத்தை ரீட் நீளத்திலிருந்து ஒன்று கழித்து வையுங்கள். புதிய சந்திப்புக்குக் குறைந்தபட்சத் தொங்கல் 8, ஏற்கெனவே தெரிந்ததற்கு 1, குறைந்தபட்ச இன்ட்ரான் 20, அதிகபட்சம் 10,00,000, பல இடப் பொருத்தத்துக்கு 20 வரை என்பது என்கோட் திட்டம் மனிதத் தரவுக்குப் பயன்படுத்திய அமைப்பு. மனித ஜீனோமுக்குச் சுமார் 30 ஜிபி நினைவகம் வேண்டும்.

அந்த 10 லட்சத்தை அப்படியே அராபிடாப்சிஸ் செடிக்குப் போடாதீர்கள். அதன் இன்ட்ரான்கள் பெரும்பாலும் சில நூறு எழுத்துகளே. 5,000 முதல் 10,000 போதும். காரணம் எளிய கணக்கு. 8 எழுத்துக்கு 65,536 சேர்க்கைகள் உண்டு. ஒரு 8 எழுத்துத் துண்டு 10 லட்சம் எழுத்துப் பரப்பில் தற்செயலாகவே சுமார் 15 இடங்களில் கிடைக்கும். 12 எழுத்தென்றால் 0.06 இடம். தேடும் பரப்பு பெரிதாக, தொங்கல் சிறிதாக இருந்தால் போலிச் சந்திப்பு பிறந்தே தீரும்.

இரண்டு சுற்றுப் பொருத்தம் செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக அல்ல. முதல் சுற்றில் எல்லா மாதிரிகளிலும் கிடைத்த சந்திப்புகளைச் சேர்த்து வடிகட்டி, அந்த ஒரே பட்டியலை இரண்டாம் சுற்றில் எல்லா மாதிரிகளுக்கும் கொடுங்கள். தனித்தனியாகச் செய்தால், ஒரு மாதிரியில் 1 எழுத்துத் தொங்கல்கூட எண்ணப்படும், இன்னொன்றில் 8 தேவைப்படும். பிறகு அந்த இரண்டையும் ஒப்பிட்டு "வேறுபாடு" என்று சொல்வீர்கள்.

போலிச் சந்திப்புகளை எப்படி ஒதுக்குவது?

முதல் விதி, அழிக்காதீர்கள், கொடி போடுங்கள். எல்லாவற்றையும் சான்று அட்டவணையில் வைத்து, "நம்பகமானவை" என்ற காட்சியைத் தனியாக எழுதுங்கள். விதி மாறும்போது காட்சியை மட்டும் மாற்றினால் போதும்.

பார்க்க வேண்டியவை: ஒரே இடத்தில் பொருந்திய ரீடுகள் குறைந்தது 3, குறைந்தது 2 மாதிரிகளில், அதிகபட்சத் தொங்கல் 12-க்குக் குறையாமல். இவை தொடக்க அளவுகள்தான், உங்கள் தரவுக்கேற்ப மாற்றலாம்.

ரீடுகளின் தொடக்க இடங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது எண்ணிக்கையைவிடச் சிறந்த சாட்சி. 20 ரீடுகளும் ஒரே இடத்தில் தொடங்கினால் பெரும்பாலும் பிசிஆரில் பெருகிய ஒரே மூலக்கூறு. ஷானன் என்ட்ரோபியை இரண்டின் மடக்கையில் கணக்கிட்டால் அதற்கு 0 வரும். நான்கு இடங்களில் சமமாகப் பரவியிருந்தால் 2 வரும். 2-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம்.

அடுத்தது, ஆர்என்ஏவை டிஎன்ஏவாகத் தலைகீழ்ப் படியெடுக்கும் நொதி தாவுவது. இன்ட்ரான் எனத் தோன்றும் பகுதியின் இரு முனையிலும் ஒரே எழுத்துவரிசை 8 அல்லது அதற்கு மேல் இருந்தால், நொதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கலாம். இவை பெரும்பாலும் ஜிடி–ஏஜி முனை இல்லாதவை.

அதற்காக ஜிடி–ஏஜி இல்லாத எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கவும் கூடாது. ஜிசி–ஏஜி முனை கொண்டவை சுமார் 1 விழுக்காடு. ஏடி–ஏசி முனை கொண்டவை அதற்கும் மிகக் குறைவு, ஆனால் உண்மையானவை. எக்ஸ்பிபி1 மரபணுவின் 26 எழுத்து இன்ட்ரானை வெட்டுவது, வழக்கமாக இன்ட்ரான்களை வெட்டும் ஸ்ப்ளைசோசோமே அல்ல, ஐஆர்இ1 நொதி. அதன் முனைகள் எந்த வழக்கமான வகையிலும் சேராது. குறைந்தபட்ச இன்ட்ரான் நீளத்தை 30 என்று வைத்தால் அது வெறும் நீக்கமாகப் பதிவாகி மறைந்துவிடும். இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு விதிவிலக்குப் பட்டியல் வையுங்கள்.

நிகழ்வுகளை வகைப்படுத்துவது எப்படி?

ஒரு மரபணுவின் எல்லா வெட்டு இடங்களையும் முனைகளாகவும், எக்ஸான்களையும் சந்திப்புகளையும் கோடுகளாகவும் வைத்து வரைபடம் வரையுங்கள். ஓரிடத்தில் பிரிந்து மற்றோரிடத்தில் சேரும் இரண்டு பாதைகளே ஒரு நிகழ்வு. அஸ்டலவிஸ்டா கருவி இதற்கு ஒரு சுருக்கக் குறியீடு தந்திருக்கிறது. எக்ஸான் விடுபடுதல் 0,1-2^. மாற்று 5' வெட்டு 1^,2^. மாற்று 3' வெட்டு 1-,2-. இன்ட்ரான் தங்குதல் 0,1^2-. தொப்பிக் குறி (^) 5' வெட்டிடம், சிறுகோடு (-) 3' வெட்டிடம், சுழி வெற்றுப் பாதை. இதை அப்படியே ஒரு நெடுவரிசையாக வைத்தால் பெயர் தெரியாத சிக்கலான நிகழ்வுகளும் தேடலில் கிடைக்கும்.

அதிகம் தவறுவது ஒன்றையொன்று விலக்கும் எக்ஸான்களில். அடுத்தடுத்த இரண்டு எக்ஸான்களில் ஒவ்வொன்றும் தனியே சேரும் சந்திப்புகள் இருப்பது மட்டும் போதாது. இரண்டையும் இணைக்கும் சந்திப்பும், இரண்டையும் தாண்டும் சந்திப்பும் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். இல்லையேல் அவை தனித்தனியே விடுபடும் இரு எக்ஸான்கள், அவ்வளவே.

மாற்று முதல் எக்ஸான் உண்மையில் புரமோட்டர் (படியெடுப்பு தொடங்கும் இடம்) தேர்வு, மாற்றுக் கடைசி எக்ஸானில் பாலி-ஏ இடத்தின் தேர்வும் கலந்திருக்கும். இரண்டையும் சேமியுங்கள், ஆனால் "ஸ்ப்ளைசிங்" எண்ணிக்கையில் கூட்டாதீர்கள். தசையின் டைட்டின் போல 363 எக்ஸான் கொண்ட மரபணுவில் எல்லாப் பாதைகளையும் கணக்கெடுத்தால் நிரல் நிற்காது. ஒரு நிகழ்வில் வெட்டு இடங்களுக்கு உச்சவரம்பு வைத்து, மிஞ்சியதை "சிக்கலானது" என்று குறித்துவிட்டு நகருங்கள்.

நாக்நாக் எனப்படும் மாற்று 3' வெட்டுகளில் வேறுபாடு 3 எழுத்து மட்டுமே. நானோபோர் பிழைகளோடு அதைப் பிரித்தறிய முயல வேண்டாம். நரம்புத் திசுவில் முக்கியமான, 3 முதல் 27 எழுத்து நீள மைக்ரோஎக்ஸான்கள் இன்னொரு தொல்லை. பொருத்தும் கருவி அந்தச் சில எழுத்துகளைப் பக்கத்து எக்ஸானோடு பிழையாக ஒட்டிவிடும். எக்ஸான்–மைக்ரோஎக்ஸான்–எக்ஸான் வரிசைகளை முன்கூட்டியே தயாரித்து அவற்றோடு நேரடியாகப் பொருத்துவதே வழி. வாஸ்ட்-டூல்ஸ் அதைத்தான் செய்கிறது.

பிஎஸ்ஐ (எக்ஸான் சேர்ந்த பங்கு) மதிப்பைச் சேமிக்கலாமா, அவ்வப்போது கணக்கிடலாமா?

எண்ணிக்கையைச் சேமியுங்கள், பிஎஸ்ஐயைக் கணக்கிடுங்கள். வேகத்துக்காகச் சேமித்தாலும் பக்கத்தில் மொத்த ரீடுகளின் எண்ணிக்கை கட்டாயம் இருக்கட்டும்.

விடுபடும் எக்ஸானுக்குச் சேர்க்கையைக் காட்டும் சந்திப்புகள் இரண்டு, விடுபடலைக் காட்டுவது ஒன்று. மேல் சந்திப்பில் 30, கீழ்ச் சந்திப்பில் 34, தாண்டும் சந்திப்பில் 8 ரீடுகள் இருந்தால், சேர்க்கை சராசரி 32. பிஎஸ்ஐ 32-ஐ 40-ஆல் வகுக்க 0.80. சராசரி எடுக்க மறந்தால் 64-ஐ 72-ஆல் வகுத்து 0.89 என்று வரும். மாற்று 5', 3' வெட்டுகளில் இரு பக்கமும் ஒரே சந்திப்புதான், அங்கே பாதியாக்கினால் அது தவறு. வகைதோறும் சூத்திரத்தை நிகழ்வு அட்டவணையின் பாதைகளிலிருந்தே எடுக்கும்படி எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

மேல், கீழ்ச் சந்திப்பு எண்ணிக்கைகள் வெகுவாக மாறுபட்டால், 30-க்கு 300 என்பதுபோல், அந்த எக்ஸானில் வேறேதோ நடக்கிறது: மாற்று முதல் எக்ஸானாக இருக்கலாம், பொருத்தப் பிழையாக இருக்கலாம். சராசரி அதை மறைத்துவிடும். சமநிலைக் கொடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

0.80 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் 10-இல் 8-உம் இருக்கலாம், 100-இல் 80-உம் இருக்கலாம். வில்சன் முறையில் 95 விழுக்காட்டு இடைவெளி முதலாவதற்கு 0.49 முதல் 0.94 வரை, இரண்டாவதற்கு 0.71 முதல் 0.87 வரை. 10 ரீடுகளுக்குக் குறைந்தால் பிஎஸ்ஐயை வெற்றாக விடுங்கள். சுழி போடக் கூடாது. "தெரியவில்லை"யும் "சேரவே இல்லை"யும் ஒன்றல்ல.

இன்ட்ரான் தங்குதல் எங்கள் தளத்தில் மட்டும் அளவுக்கு மீறி இருக்கிறதே?

மற்ற நிகழ்வுகளுக்குச் சந்திப்பு சான்று. இதற்குச் சந்திப்பு இல்லாமையே சான்று என்பதால் எல்லாக் குப்பையும் இங்கே வந்து சேரும். டிஎன்ஏ கலந்திருந்தாலும் இன்ட்ரானில் ரீட் விழும், வெட்டப்படாத முன்-எம்ஆர்என்ஏ இருந்தாலும் விழும், எதிர் இழையில் வேறு மரபணு இருந்தாலும் விழும். இன்ட்ரானுக்குள் ஸ்னோஆர்என்ஏ (ஒரு வகைச் சிறு ஆர்என்ஏ) உட்கார்ந்திருந்தால் ஒரே இடத்தில் கோபுரம்போல் எழும்.

ஆகவே வரிசையாகச் சோதியுங்கள். மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெற்றுப் பகுதிகளில் ரீடுகள் இருக்கின்றனவா? இருந்தால் டிஎன்ஏ கலப்பு. ஒரு மரபணுவின் எல்லா இன்ட்ரான்களும் ஒரே அளவில் உயர்ந்திருக்கின்றனவா? அப்படியானால் முன்-எம்ஆர்என்ஏ. இரு எக்ஸான்–இன்ட்ரான் எல்லைகளையும் கடக்கும் ரீடுகள் உண்டா? இன்ட்ரானின் முழு நீளத்திலும் ரீட் படிந்திருக்கிறதா? மற்ற மரபணுக்களும் ஸ்னோஆர்என்ஏக்களும் மேற்படியும் பகுதியை நீக்கியபின், மிஞ்சிய பகுதியின் இடைநிலை ஆழத்தை எடுத்து, அந்த ஆழத்தோடு வெட்டிய சந்திப்பின் எண்ணிக்கையைக் கூட்டியதால் வகுத்தால் தங்குதல் விகிதம் கிடைக்கும். சராசரி ஆழம் வேண்டாம், ஒரே ஒரு கோபுரம் அதைத் தூக்கிவிடும்.

எந்தத் தரவுத்தள மென்பொருள்? எவ்வளவு இடம் பிடிக்கும்?

5 லட்சம் சந்திப்புகள், 1,000 மாதிரிகள் என்றால் 50 கோடிக் கட்டங்கள். பெரும்பாலானவை சுழி என்பதால் சுழியைச் சேமிக்கவே கூடாது. 20 கோடி மிஞ்சுகிறது என்று வைப்போம். சந்திப்பு எண், மாதிரி எண், எண்ணிக்கை என மூன்று 4 பைட் எண்கள், 12 பைட். ஆனால் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பும் சுட்டியும் சேர்ப்பதால் உண்மையில் சுமார் 44 பைட். மொத்தம் 8.8 ஜிபி, இன்டெக்ஸ் தனி. சமாளிக்கக்கூடியதுதான். மாதிரிகள் பத்தாயிரங்களைத் தாண்டினால் ஒரு சந்திப்புக்கு ஒரே வரிசை, அதற்குள் மாதிரி–எண்ணிக்கை இணைகளின் பட்டியல் என்று மாறுங்கள். ஸ்னாப்ட்ரான் பின்பற்றுவது அந்த வழி. நெடுவரிசையாகச் சேமிக்கும் பார்க்கே கோப்பும் நல்ல தெரிவு.

"இந்த இடத்துக்குள் வரும் எல்லாச் சந்திப்புகளும்" என்பதே வழக்கமான தேடல். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனி சாதாரண இன்டெக்ஸ் போட்டால் மெதுவாகத்தான் ஓடும். போஸ்ட்கிரெஸில் முழுஎண் வீச்சு வகையும் ஜிஸ்ட் இன்டெக்ஸும் பயன்படுத்துங்கள். அந்த வகை எதைக் கொடுத்தாலும் முடிவு அடங்காத வடிவமாகவே திருப்பித் தரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எஸ்க்யூலைட்டின் ஆர்-ட்ரீ வழக்கமாக 32 பிட் மிதவை எண்களில் சேமிப்பதால், 1,67,77,216-க்கு மேற்பட்ட இடங்கள் ஒன்றிரண்டு எழுத்து முதல் பத்துப் பதினைந்து எழுத்துவரை நகரும். மனிதனின் 1-ஆம் குரோமோசோம் 24 கோடியைத் தாண்டுகிறது. முழுஎண் ஆர்-ட்ரீ என்றே தனி வகை இருக்கிறது, அதையே எடுங்கள்.

ஜீனோம் பதிப்பு மாறினால் என்ன செய்வது?

ரீடுகள் கையில் இருந்தால் புதிதாகப் பொருத்துங்கள். இல்லையென்றால் லிஃப்ட்ஓவர் (பழைய பதிப்பின் இடங்களைப் புதியதற்கு மாற்றுவது) செய்யலாம். இன்ட்ரானை ஒரே துண்டாக மாற்றாமல், இரு எக்ஸான் முனைகளையும் தனித்தனியே மாற்றுங்கள். பிறகு இரண்டும் ஒரே குரோமோசோமில், ஒரே இழையில் இருக்கின்றனவா, முனை எழுத்துகள் அப்படியே உள்ளனவா என்று பாருங்கள். தேறாததைப் பழைய பதிப்பிலேயே விட்டுவிட்டுக் காரணத்தைப் பதியுங்கள்.

குரோமோசோம் பெயரும் வம்பு செய்யும். ஒரு தரப்பு வெறும் 1 என்று எழுதும், மற்றொன்று சிஎச்ஆர்1 என்று எழுதும். வாயிலில் ஒரு பெயர் மாற்று அட்டவணை போதும். மரபணுப் பெயரைச் சாவியாக்காமல் என்செம்பிள் எண்ணை அதன் பதிப்போடு வையுங்கள். விரிதாள்கள் செப்ட்2, மார்ச்1 ஆகியவற்றைத் தேதியாக்கியதால் 2020-இல் அவற்றின் பெயர்களே செப்டின்2, மார்ச்எஃப்1 என மாற்றப்பட்டன. பழைய கோப்புகளில் தேதி இன்னும் உட்கார்ந்திருக்கும்.

புரத விளைவை எந்த அளவுக்கு நம்பிச் சொல்லலாம்?

எக்ஸான் நீளம் 3-ஆல் வகுபடுகிறதா என்பது முதல் கேள்வி. வகுபட்டாலும் உள்ளே நிறுத்தக் குறியீடு இருக்கலாம், ஆகவே எழுத்தெழுத்தாக மொழிபெயர்த்தே பார்க்க வேண்டும். நிறுத்தக் குறியீடு கடைசிச் சந்திப்புக்கு 50 முதல் 55 எழுத்துக்கு மேல் முன்னால் விழுந்தால், அந்த எம்ஆர்என்ஏ பெரும்பாலும் செல்லால் சிதைக்கப்படும். "சிதையக்கூடியது" என்று குறியுங்கள், "புதிய புரதம்" என்று எழுதாதீர்கள். எம்ஆர்என்ஏவில் கண்ட மாற்றுகளில் புரத அளவில் உறுதியானவை மிகக் குறைவு. ஒப்பீட்டுக்கான அடிப்படை டிரான்ஸ்கிரிப்டாக மேன் தேர்வை (மரபணுவுக்கு ஒன்றாக என்செம்பிளும் ரெஃப்செக்கும் ஒத்துக்கொண்டதை) வைத்தால் மற்றவர்களின் எண்களோடு ஒத்துப்போகும்.

எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விடை தெரிந்த மரபணுக்களைக் கொண்டு. ஒவ்வொரு முறை தளத்தைக் கட்டிய பிறகும் இந்தச் சிறு பட்டியலைத் தானாக ஓடவிடுங்கள்.

பிகேஎம்: எக்ஸான் 9, 10 ஒன்றையொன்று விலக்குபவை, இரண்டும் 167 எழுத்து. தசையில் 9, பெருகும் செல்களில் 10. உங்கள் தளம் இதை இரு தனித்தனி விடுபடல்களாகக் காட்டினால் வகைப்படுத்தும் நிரலில் கோளாறு.

பிசிஎல்2எல்1: மாற்று 5' வெட்டு, வேறுபாடு 189 எழுத்து, புரதத்தில் 63 அமினோ அமிலம். ஓர் எழுத்து கூடக் குறைய வந்தாலும் ஆயத்தொலைவுப் பிழை.

கால்சிஏ: தைராய்டில் எக்ஸான் 4-உடன் கால்சிடோனின், நரம்பில் 4-ஐ விட்டு 5, 6 சேர்ந்து சிஜிஆர்பி. 4-க்கு அதன் சொந்தப் பாலி-ஏ இடம் இருப்பதால் இது மாற்றுக் கடைசி எக்ஸானாக வர வேண்டும், விடுபடும் எக்ஸானாக அல்ல.

எஸ்எம்என்1, எஸ்எம்என்2: இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துகள். எக்ஸான் 7-இன் 6-ஆம் எழுத்து சி-யிலிருந்து டி ஆனதால் எஸ்எம்என்2-இல் அந்த 54 எழுத்து எக்ஸான் பெரும்பாலும் விடுபடுகிறது. ஒரே இடத்தில் பொருந்திய ரீடுகளை மட்டும் எண்ணும் தளத்தில் இவ்விரண்டுமே வெறுமையாகத் தெரியும். தரவு இல்லை என்று தளம் சொன்னால் பொய். பல இடப் பொருத்த எண்ணிக்கையை வேறு நெடுவரிசையில் வைத்தது இதற்காகத்தான். இப்படிப்பட்ட மரபணுப் பக்கங்களில் "இரட்டைப் பகுதி, தனித்து அளக்க இயலாது" என்று காட்டுங்கள்.

நோயாளிகளின் மாதிரிகள் இருந்தால் பொதுவில் வைக்கலாமா?

ரீடுகளிலிருந்து ஒருவரின் மரபணு மாறுபாடுகளை எடுத்துவிட முடியும் என்பதால் அவை அடங்கிய பேம் கோப்பை வைக்கக் கூடாது. சந்திப்பு எண்ணிக்கைகளை வைப்பது பரவலான வழக்கம். ஆனாலும் தரவு கொடுத்தவர்களின் ஒப்புதல் படிவமும் அனுமதி விதியும் என்ன சொல்கின்றன என்று முதலில் பாருங்கள். ஒரே மாதிரியில் மட்டும் தென்படும் அரிய சந்திப்புகளைப் பொதுக் காட்சியிலிருந்து விலக்கிவிடுங்கள். அவை பல சமயம் அந்த ஒருவரின் அரிய மரபணு மாற்றத்தால் பிறந்தவை.